மறுப்புக்கும் வழி வகுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தங்களைத் திருத்த ஒரு சிறப்பு மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023 நவம்பரில் கோரியது. அதைக் கூட்டுவதற்கு உங்களுள் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அங்கே உருவாகும் திருத்தம் நடைமுறைக்கு வரவோ 27 நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நாட்டு மக்கள் மறுத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே, பிரான்சில் வாக்குரிமை பெற்ற தமிழன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

முன்பும் இப்படி நடந்தது. பிரான்சின் முன்னாள் அதிபர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் தலைமையிலான மாநாடு 2003இல் முடித்துத் தந்த, ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு வரைவு, அதே ஆண்டு டிசம்பரில் பிரசெல்ஸில், அமைச்சர்கள் அவையில் எந்த நாட்டுக்கு எவ்வளவு வாக்கு வலிமை என்ற கணக்கில் சிக்கி நின்றது. முந்தைய நீஸ் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு 29 வாக்குகளையும், மக்கள்தொகையில் ஏறத்தாழ அதன் பாதியளவே உள்ள ஸ்பெயினுக்கும் போலந்துக்கும் தலா 27 வாக்குகளையும் தந்திருந்ததால், ஒரு முடிவை நிறைவேற்றப் பாதி நாடுகளின் ஆதரவும், அவற்றில் ஒன்றியத்தின் 60 விழுக்காடு மக்கள் இருப்பதும் போதும் என்ற புதிய முறையை அவ்விரு நாடுகளும் ஏற்கவில்லை. கையிலிருக்கும் தடுக்கும் வலிமையை எந்த அரசும் எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதால், அவற்றின் பிடிவாதத்தை நான் குறைகூறவில்லை. ஸ்பெயினில் ஆட்சி மாறிய பின், அயர்லாந்துப் பிரதமர் பெர்டி அஹெர்னின் பொறுமையான முயற்சியால், 55 விழுக்காடு நாடுகள், 65 விழுக்காடு மக்கள் என்ற அளவில் 2004 ஜூனில் உடன்பாடு பிறந்தது. மூன்று பெரிய நாடுகள் மட்டும் சேர்ந்து எதையும் முடக்கிவிடாதபடி, தடுப்பதற்குக் குறைந்தது நான்கு நாடுகள் வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் சேர்ந்தது.

தங்களுக்குள் இத்தனை நுட்பமாகப் பேரம் பேசிய அரசுகள், மக்களின் மறுப்புக்கு எழுதிவைத்தது ஓர் இணைப்பு அறிவிப்பு மட்டுமே: ஐந்தில் நான்கு பங்கு நாடுகள் ஒப்புதல் அளித்து, மற்றவை இடர்ப்பட்டால் தலைவர்கள் கூடிப் பேசுவார்கள். 2005 மே 29 அன்று பிரான்சும் ஜூன் 1 அன்று நெதர்லாந்தும் மக்கள் வாக்கெடுப்பில் மறுத்தபோது, அந்த அறிவிப்பு எதற்கும் உதவவில்லை. அரசியலமைப்பின் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தது. 2008இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் எங்களைக் கேளாமலே அதை ஏற்றது. அதே ஆண்டு மறுத்த அயர்லாந்து மக்களுக்கோ வரிவிதிப்பு, நடுநிலைமை ஆகியவை பற்றி உறுதிமொழிகள் கிடைத்தன. அதன் பின்னரே அவர்கள் 2009இல் இசைந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு எங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

உக்ரைனும் மேற்கு பால்கன் நாடுகளும் இணையக் காத்திருக்கையில், வெளியுறவிலும் வரியிலும் ஒருமித்த முடிவு வேண்டும் என்ற விதி இனியும் தாங்குமா என்று கேட்பது நியாயமே. ஆதலால் மாநாடு கூட வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கூடும் முன், மறுக்கும் நாடு எந்தப் பிரிவுகளுக்கு வெளியே நிற்கலாம், மற்றவை முன்செல்லலாமா, மீண்டும் பேச்சைத் தொடங்குவது யார், எத்தனை மாதத்துக்குள் என்பவற்றை எழுத்தில் முடிவுசெய்து, வாக்கெடுப்புக்கு முன்பே மக்களிடம் சொல்லிவிடுங்கள். ஒன்றியத்தை நிறுவிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 1992இல் மறுத்த டென்மார்க்குக்கு, எடின்பரோவில் நடந்த தலைவர்கள் கூட்டத்தில் விலக்குகள் தரப்பட்டன; அவற்றுள் பாதுகாப்பு பற்றிய விலக்கை அந்நாட்டு மக்களே 2022இல் தங்கள் வாக்கால் கைவிட்டார்கள். வெளியே நிற்க இடம் தந்ததால் ஒன்றியம் அங்கே எதையும் இழக்கவில்லை.

இக்கோரிக்கையை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பிரான்சிலிருந்து ஒரு வாக்காளன்