அவரவர் மரக்கால்

திருத்துறைப்பூண்டி
தை 21

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. அறுப்பு வேலையில் பதில் போட முடியவில்லை. கோபித்துக்கொண்டிருப்பாய். 40 வருடமாகக் கோபித்துக்கொண்டுதானே இருக்கிறாய்!

வங்கியில் பொது மேலாளர் பதவி உனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனதாக எழுதியிருந்தாய். அதைவிட அடுத்த வரிதான் என்னை உறுத்தியது: "இத்தனை வருடம் ஓடி என்னத்தைக் கண்டேன்?" ஆறுதல் சொல்ல எனக்கு வராது. என் கதையை வேண்டுமானால் சொல்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று உரிமைவிடல் எழுதிக் கொடுத்தேன் அல்லவா? அம்மாவின் உடல்நிலைதான் காரணம் என்று உன்னிடம்கூடச் சொன்னேன். அது பாதி உண்மை. வகுப்பை விட்டுவிட்டு பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தோடு மல்லுக்கட்ட மனமில்லை என்பது மீதி. ஆனால் என்னைவிட இளையவர் ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது வயிறு எரிந்தது. ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்க்காமலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், பின்னம் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "ஒரு வேலி நிலத்துக்கு எத்தனை மா?" என்றேன். "இருபது." "அப்படியானால் மா என்பது இருபதில் ஒன்று. அந்தக் காலத்தில் அந்தப் பின்னத்துக்கே மா என்றுதான் பெயர்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு எழுந்து நின்று, "சார், எங்கப்பா குத்தகைக்கு எடுத்திருக்கிற அஞ்சு மா, கால் வேலி!" என்று கத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் சைக்கிளை மிதித்தபோது நாற்காலி ஞாபகம் வரவில்லை. மறுநாள் வந்தது, அது வேறு விஷயம்.

வயல் விவகாரமும் அப்படித்தான். நம் மூன்று மாவில், அதாவது ஒரு ஏக்கரில், காட்டுயானம் நெல் போட்டிருக்கிறேன். 2016இல் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் வாங்கிய 2 கிலோ விதையின் வம்சம். ஒற்றை நாற்றாக நட்டதால் அந்த ஏக்கருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2 கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நெல் ஜெயராமன் வைத்த கணக்கு. நூறு சதவீத வட்டி! உங்கள் வங்கியில் உண்டா? 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுவிட்டு 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவற்றில் ஒன்று என் வீட்டுக் குதிரில் கிடக்கிறது.

பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதே. மார்கழி மழையில் ஒரு மூலை சாய்ந்துவிட்டது. இயந்திரத்தை இறக்க முடியாமல் ஆள் வைத்து அறுத்தோம். பக்கத்து வயலில் 30 மூட்டை, எனக்கு 16. "கூலி போக என்ன நின்றது?" என்று வசந்தா கேட்டாள். நெல்தான் ஆறடிக்கு நின்றது என்றேன். அன்று முழுக்க அவள் பேசவில்லை.

களத்தில் நெல் அளக்கும் அப்பாவின் மரக்காலை எடுத்து அளந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'ஆடவல்லான்' என்று மரக்காலுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? நம் பக்கத்துப் பண்ணைகள் சிலவற்றில் வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சின்ன மரக்கால் என்று இரண்டு வைத்திருந்தார்களாம். அப்பாவிடம் ஒன்றுதான் இருந்தது. உன் அலுவலகம் எதை வைத்து உன்னை அளந்ததோ எனக்குத் தெரியாது. அதையே நீயும் ஏன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாய்?

மன்னார்குடிக் கிளையில் நீ இருந்தபோது, ஜாமீனுக்கு ஆளில்லாத ஒரு பெண்ணுக்குக் கல்விக் கடன் கிடைக்க அலைந்தாயே, அவள் இப்போது செவிலியர். அவளுடைய அப்பாவைப் பஸ் நிலையத்து டீக்கடையில் பார்ப்பேன். "மேனேஜர் சார் நல்லா இருக்காரா?" என்று கேட்காமல் விடமாட்டார். அவர் கணக்கில் நீ இன்னும் அந்தக் கிளையின் மேலாளர்தான்.

இதனுடன் 5 கிலோ அரிசி பார்சல் போட்டிருக்கிறேன். முதல் நாள் இரவே ஊற வைக்கச் சொல். இல்லையென்றால் வேகாது, திட்டு எனக்குத்தான் விழும்.

அன்புடன்,
ராஜு