மாடல் (சிறு உருவ வண்டிகள் கட்டுவோர்) சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் பன்னிரண்டில் பத்து நடந்தது. ஆகஸ்ட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தோம். மார்ச்சில் வழக்கம்போல் கண்காட்சி. மூத்த உறுப்பினர் ஒருவரை ஜூலையில் இழந்தோம். பெயின்ட் தெளிக்கும் அவருடைய ஏர்பிரஷ்ஷையும் கம்ப்ரசரையும் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது லாரி விஷயம். போன பொதுக்குழுவில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம்: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, ஆளுக்கு ஒன்றாக ஐந்து ஜிஎம்சி ராணுவ லாரி கட்டி, இரண்டாம் உலகப் போரின் ரெட் பால் எக்ஸ்பிரஸ் வரிசையாகக் கண்காட்சியில் நிறுத்துவது. ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். கண்காட்சி மேசையில் நின்றது ஒரே லாரி, நான் கட்டியது. "ஒன்பது சென்டிமீட்டர் லாரிக்குப் பதினோரு மாதமா, அதுவும் சங்கப் பணத்தில்?" என்று சிலர் கேட்டதாகக் காதில் விழுந்தது. பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

முதலில், ஏன் இந்த லாரி. நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் பிரான்சுக்குள் வேகமாக முன்னேறிவிட்டன. ரயில் பாதைகளோ குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தன. பெட்ரோலையும் குண்டுகளையும் லாரியில்தான் கொண்டுபோக வேண்டிய நிலை. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை நடந்த அந்த லாரி ஓட்டத்தின் பெயர்தான் ரெட் பால் எக்ஸ்பிரஸ். ஆகஸ்ட் 29 அன்று மட்டும் 5,958 வண்டிகள் 12,000 டன்னுக்கு மேல் சுமந்தன. ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் அவர்களுக்குத் தனிப் பிரிவு, பெரும்பாலும் சுமை வேலை. டாங்கி கட்ட எல்லாருக்கும் ஆசை. அந்த டாங்கிக்குப் பெட்ரோல் கொண்டுபோனவர்களின் வண்டியையும் நம் மேசையில் நிறுத்த வேண்டும் என்றுதான் இதை முன்மொழிந்தேன். இப்போதும் அதே எண்ணம்தான்.

இனி வேலை. நமக்குக் கிடைத்தது பழைய வார்ப்பில் வந்த கிட், அதாவது ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்கள். பெட்டியைத் திறந்ததுமே சேஸி, லாரியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த லாரிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு அச்சிலும் பக்கத்துக்கு இரட்டை டயர், ஆகப் பத்து டயர் தரையைத் தொட வேண்டும். கண்ணாடிப் பலகை மேல் வைத்தால் மூன்று தூக்கிக்கொண்டு நின்றன. சேஸியை வெந்நீரில் காட்டி, மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, மறுபடி கண்ணாடியில் வைத்துப் பார்த்து... இதற்கே மூன்று ஞாயிறு போனது. அப்புறம் ஒவ்வொரு டயரின் அடியையும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன். சுமை ஏறிய டயர் அடியில் சற்றே தட்டையாகத்தான் இருக்கும். உருண்டையாக விட்டால் லாரி மிதப்பதுபோலத் தெரியும்.

சரக்குத் தட்டின் பலகைக் கோடுகளை ரம்பத்தால் மறுபடி கீறினேன். கயிறு கட்டும் கொக்கிகள் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. மடித்த தார்ப்பாய், டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்தது. கிட்டின் பாகங்கள் கோத்து வந்த மீதிப் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சூட்டில் இழுத்தால் மயிரிழை போல நீளும், கயிறுகள் அதுதான். இருபது லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் ஜெரிகேன் இந்த அளவில் ஆறரை மில்லிமீட்டர் உயரம் வரும். அறுபது கேன், ஒவ்வொன்றிலும் வார்ப்பு சேரும் இடத்தில் தங்கும் மோல்டு கோட்டைச் சுரண்டி எடுத்தேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா என்றால், தெரியும். கோடு இருந்தால் அது பிளாஸ்டிக் துண்டு, எடுத்துவிட்டால் தகரம்.

முன் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை, புதியவர்களுக்காக. சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி புகை மூட்டமாகிவிடும். அங்கேயும் ஃபெவிகால் போதும்.

ராணுவப் பச்சையைப் புட்டியில் இருந்தபடி அடித்தால் சின்ன வண்டியில் கறுத்துப்போகும். கொஞ்சம் மஞ்சள் பழுப்பு கலந்து வெளுக்க வைத்தேன். டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டும் முன் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்ததால் வெள்ளை நட்சத்திரத்தின் அடியில் காற்று நிற்கவில்லை. நவம்பரில்தான் பெரிய சறுக்கல். மழைக்கால ஈரக் காற்றில் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ், அடித்தேன். மறுநாள் வண்டி முழுக்கப் பால் படிந்ததுபோல வெளுத்திருந்தது. என் அவசரம்தான் காரணம். ஜனவரி வெயில் வரும்வரை பொறுத்து, பளபள வார்னிஷ் அடித்து வெளுப்பை அடக்கி, மறுபடி மேட் கொடுத்தேன். பதினோரு மாதத்தில் இரண்டு அதற்கே போனது.

இதில் ஒவ்வொரு கட்டத்தையும் மாதக் கூட்டத்தில் மேசை மேல் வைத்துச் செய்துகாட்டினேன். சேஸி நிமிர்த்திய அன்று வந்தவர்கள் ஆறு பேர். கேன் சுரண்டிய அன்று மூன்று பேர். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் 34. பெயர் கொடுத்த மற்ற நால்வரில் ஒருவர் மாற்றலாகி ஊரை விட்டே போய்விட்டார், அவரைச் சொல்லவில்லை. மற்ற மூவரும் ஒரு போன் செய்திருந்தால் அந்தப் பெட்டிகளை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். இது என் மனத்தில் இருக்கும் வருத்தம். பதிவில் இருக்கட்டும்.

கணக்கு: பொருளாளர் தனியாக அளித்துள்ளார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சிறிது குறைந்துள்ளது. கிட் ஐந்தும் தீர்மானப்படி வாங்கியவை. கம்பி, பெயின்ட், வார்னிஷ் என் கைக்காசு. அதைக் கணக்கில் எழுதவில்லை. 600 ரூபாய் சந்தாவை 15 பேர் கட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை கடிதம் எழுதினேன், வாட்ஸப்பிலும் நினைவூட்டினேன். கூடத்துக்கு வாடகை மாதாமாதம் போகிறது.

கூடம் தந்தவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும், கண்காட்சியில் தேநீர் ஏற்பாடு செய்த உறுப்பினருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. என் இரண்டாவது தவணை இன்றோடு முடிகிறது. யாராவது முன்வந்தால் பதிவேடுகளை முழு மனத்தோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் தொடர்வேன். ஆனால் மீதி நான்கு லாரியையும் ஒருவனே கட்டினால் அது சங்கத்தின் வரிசை ஆகாது. பெட்டிகள் நான்கும் அலமாரியின் மேல்தட்டில் பிரிக்காமல் இருக்கின்றன. நிமிர்த்திய சேஸியின் அளவுகளைத் தாளில் வரைந்து பெட்டிகளோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூடம் திறந்திருக்கும், கண்ணாடிப் பலகையும் மேசை மேல் இருக்கும். சந்தாப் புத்தகத்தையும் பொருளாளர் கொண்டுவருவார்.

இப்படிக்கு,
செயலாளர்