பெட்டிக்குள்ள ஆசிட் வைக்கிறதுக்கு முன்னாடி எந்த ஈன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க விவசாயப் பக்கத்துல தேனீப்பெட்டியில ஈ மேலயும் புழு மேலயும் ஒட்டிக்கிட்டு வாழ்ற வரோவா உண்ணிக்கு பார்மிக் ஆசிட் வச்சா போதும்னு ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்துச்சு. நாலே வரி. பார்மிக் ஆசிட் உண்ணியைக் கொல்லும்ங்கறதுல எனக்கு சண்டை இல்ல, ஆனா எந்த ஈக்கு, எந்த மாசத்துல, பெட்டியில தேன் இருக்கும்போதா இல்லாதப்பவா, கையில என்ன மாட்டிக்கணும், இதுல ஒண்ணு கூட அந்த நாலு வரியில இல்ல. அதைப் படிச்சிட்டு எங்க பக்கத்துல சில பேர் கேனைத் தூக்கிட்டு பெட்டிகிட்ட போயிட்டாங்க, அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் குலசேகரம் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்துல ரப்பரும் தேனும் ஒண்ணாத்தான் ஓடுது. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுற தை, மாசி, பங்குனியில அந்த இலைக்காம்புல சுரக்கிற தேனைத்தான் ஈ எடுத்துட்டு வரும், பூவுல இருந்து இல்ல. மார்த்தாண்டம் தேன்னு வெளியூர்ல வாங்குறீங்களே, அதுல பெரும்பகுதி இப்படி வந்ததுதான். இங்க பெரும்பாலும் இருக்கிறது சின்னப் பெட்டியில நம்ம இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீம்பாங்க. இத்தாலியத் தேனீ பெரிய பெட்டியில கொஞ்சப் பேருகிட்ட இருக்கு. இந்த வித்தியாசம் தெரியாம மருந்தைப் பத்தி பேசவே கூடாது.

ஏன்னா வரோவா உண்ணி நம்ம ஆசிய ஈயோட பழைய ஒட்டுண்ணி. 1904லயே ஜாவாவுல நம்ம அடுக்குத் தேனீகிட்ட இருந்துதான் வரோவாங்கற வகையை முதல்ல எடுத்து பேர் வச்சாங்க, இப்ப உலகம் பூரா பரவினது அதோட நெருங்கின இன்னொரு இனம். காலங்காலமா ரெண்டும் சேர்ந்தே இருந்ததால நம்ம ஈக்கு அதை சமாளிக்கத் தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உண்ணியைக் கடிச்சுத் தள்ளும், அதோட உண்ணியால பெரும்பாலும் ஆண் ஈ வளர்ற அறையிலதான் குஞ்சு பொரிக்க முடியும், வேலைக்கார ஈ அறையில முடியாது. அதனால நம்ம பெட்டியில ஒண்ணு ரெண்டு உண்ணி இருந்தாலும் கூடு அழியாது. இத்தாலிய ஈ கதை வேற. அதை 1960கள்ல வடக்கே பஞ்சாப் இமாச்சல் பக்கம் கொண்டு வந்து வளர்த்தாங்க, அதுக்கு இந்த உண்ணியோட பழக்கமே கிடையாது. அந்த ஈ கூட்டுல உண்ணி வேலைக்கார ஈ அறைக்குள்ளயும் போயி, அறையை மெழுகு வச்சு மூடுறதுக்கு சத்த முன்னாடி உள்ள நுழைஞ்சு, மூடின அந்த 12 நாளும் உள்ளயே இருந்து முட்டை போட்டு, ஈ வெளிய வரும்போது கூடவே குட்டிகளோட வரும். பெட்டி பெட்டியா மாத்தி ஊர் ஊரா ஏத்திட்டுப் போனதுல இது உலகம் பூரா பரவிடுச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க துறைமுகத்துல உண்ணி வருதான்னு தெரிஞ்சுக்க காவல் தேனீப்பெட்டியே வச்சுப் பாத்தாங்க, 2022 ஜூன்ல நியூகாசில் துறைமுகத்துல வந்துடுச்சு, ஒழிக்கப் பாத்து முடியாம 2023ல கைவிட்டாங்க.

இப்ப எங்க பக்கத்துத் தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னா, அவர்கிட்ட இருக்கிறது எல்லாம் அடுக்குத் தேனீ. அடையில புழு செத்துக் கிடக்குன்னு பாத்துட்டு, பேப்பர்ல வந்த உண்ணி இதுதான்னு முடிவு பண்ணி ஆசிட் வச்சுட்டார். மறுநாள் பெட்டியில ஈ இல்ல. அடையில தேன் அப்படியே நிக்குது, ஓரத்துல எறும்பு ஏற ஆரம்பிச்சிருக்கு, ஈ மட்டும் மொத்தமா கிளம்பிடுச்சு. அடுக்குத் தேனீக்கு உள்ள பிடிக்கலைன்னா கூட்டைக் காலி பண்ணிட்டுப் போறது ரொம்ப சுலபம், வளர்க்குற எல்லாருக்கும் தெரியும். நான் போய் அந்தப் புழுவை ஒரு ஈர்க்குச்சியால எடுத்துப் பாத்தேன். தலை மேல தூக்கினாப்ல படகு வளைவுல நிக்குது, தோலு பை ஆகி உள்ள தண்ணி கோத்திருக்கு, குத்தினா தண்ணி வடியுது. அது உண்ணியே இல்ல, தாய் சாக்புரூட்ங்கற வைரஸ் நோய். 1991, 92ல கேரளாவுலயும் இங்கயும் பெட்டிகளை வாரிக்கிட்டுப் போன அதே நோய், மார்த்தாண்டம் பக்கம் பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. வைரஸுக்கு ஆசிட் வச்சு என்ன பிரயோஜனம்.

அதனால இத்தாலியப் பெட்டி வச்சிருக்கிறவங்களும் மருந்துக்கு முன்னாடி எண்ணிப் பாக்கணும். எண்ணாம வைக்கிறது வேஸ்ட், சில சமயம் ஆபத்து. செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. வாய் அகலமான பாட்டில் ஒண்ணு எடுத்து மூடிக்கு பதிலா கொசுவலை மாதிரி கம்பி வலை வச்சுக்கணும், புழு இருக்கிற அடையில இருந்து சுமார் 300 ஈயை, அதாவது அரை கப் அளவு, உள்ள தட்டணும், தட்டுறதுக்கு முன்னாடி அந்த அடையில ராணி இல்லைன்னு ரெண்டு தடவை பாத்துக்கணும். ரெண்டு ஸ்பூன் பொடிச்ச சர்க்கரை போட்டு பாட்டிலை ஒரு நிமிஷம் மெதுவா உருட்டி, ஒரு ரெண்டு நிமிஷம் நிழல்ல வச்சுட்டு, தண்ணி கொஞ்சம் ஊத்தின வெள்ளைத் தட்டு மேல வலை வழியா நல்லா உதறணும். சர்க்கரை கரைஞ்சுடும், உண்ணி மட்டும் தட்டுல நிக்கும், கடுகை நசுக்கி விட்டாப்ல சிவந்த பழுப்பு நிறம், நீளத்தை விட அகலம் ஜாஸ்தி, உத்துப் பாத்தா கால் ஆடுறது தெரியும். ஈ சாகாது, வெள்ளை வெள்ளையா பெட்டிக்குத் திரும்பிப் போயிடும், மத்ததுங்க நக்கி சுத்தம் பண்ணிடும். 300 ஈக்கு ஒன்பது உண்ணிக்கு மேல வந்தா, நூத்துக்கு மூணு, அப்ப மருந்து பத்தி யோசிக்கலாம். நூத்துக்கு ரெண்டுலயே ஆரம்பிக்கிறவங்களும் இருக்காங்க. மழை நாள்ல பண்ணாதீங்க, சர்க்கரை கட்டி கட்டியா ஈ மேல ஒட்டிக்கிட்டு உண்ணி விழாது, நீங்களும் உண்ணியே இல்லைன்னு சந்தோஷமா போயிடுவீங்க.

சரி, பார்மிக் ஆசிட். இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், ரப்பர் பால் உறைய வைக்கிறதுக்கு வீட்டுக்கு வீடு கேன் இருக்கும், கடையில கேட்ட உடனே குடுப்பான். அதுதான் எனக்குப் பயமே. ரப்பர் பாலுக்கு நாம தண்ணில நிறைய கலந்து நீர்க்க வச்சுத்தான் ஊத்துறோம், அந்தத் தண்ணி கையில பட்டா சும்மா கழுவிட்டு போயிடுறோம், சின்ன வயசுல இருந்தே பாத்துப் பழகிட்டதால ஆசிட்னே தோணுறதில்ல. தேனீப்பெட்டிக்குச் சொல்றது கேன்ல இருக்கிற 85 சதவீதம், அப்படியே நேரா. அது தோல்ல பட்டா பட்ட இடம் வெந்துடும், கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து, மூச்சுல இழுத்தா நுரையீரலைப் பிடிக்கும். பழக்கம் இருக்கிறவங்கதான் இதுல அதிகமா அடிபடுவாங்க.

வழக்கமா சொல்லித் தர்றது என்னன்னா சின்னக் குப்பியில 5 மில்லி ஊத்தி பஞ்சுத் திரி போட்டு பெட்டிக்குள்ள வைக்கிறது, திரி வழியா மெதுவா ஆவி ஆகும், அந்த ஆவி மூடின அறைக்குள்ளயும் போய் உண்ணியைத் தாக்கும். மத்த பல மருந்துக்கு இல்லாத குணம் இது, அதனாலதான் எல்லாரும் இதையே பிடிச்சுக்கிறாங்க. எத்தனை நாள், எத்தனை தடவைங்கறதை பேப்பர்ல படிச்சு பண்ணாதீங்க, என் லெட்டரைப் படிச்சும் பண்ணாதீங்க, திருப்பதிசாரத்துல கேவிகே, அதாவது வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, உங்க பெட்டி சைஸ், உள்ள அடை கட்டுற சட்டம் எத்தனைன்னு சொல்லிக் கேளுங்க. ஆனா வெயிலைப் பத்தி நான் சொல்லியே ஆகணும். வெளிநாட்டுல இதே ஆசிட்டை பட்டையா செஞ்சு விக்கிறான், அந்த லேபிள்லயே பகல் சூடு 10 டிகிரியில இருந்து சுமார் 29 டிகிரிக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கான், அதுக்கு மேல போனா ஆசிட் ஒரேயடியா ஆவியாகி புழு சாகும், ராணியும் சாகலாம். இங்க மாசி பங்குனியில 33, 34 ஓடும். அந்த நேரத்துலதான் தேனும் வரும், மேல்தட்டுல தேன் அடை இருக்கும், அதோட ஆசிட் வச்சா தேன்ல ஏறாம எங்க போகும். அதனால தேன் எடுத்து முடிச்சு மேல்தட்டை இறக்கி வச்சுட்டு, ஆனி ஆடிச் சாரல்ல, அதுவும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, வாசலை முழுசா திறந்து விட்டுத்தான் இந்த வேலை. வாசல் சின்னதா இருக்கிறப்ப வச்சா ஈ உள்ளயே மூச்சு முட்டும்.

உங்களுக்கு: ஆசிட்டுக்குன்னே விக்கிற தடிச்ச, முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறை, ஆஸ்பத்திரி கையுறை இல்ல. கண்ணை மூடுற கண்ணாடி, முழுக்கை சட்டை. முகத்துக்கு துணி மாஸ்க், என்95 மாஸ்க் ரெண்டும் தூசியைத்தான் தடுக்கும், ஆசிட் ஆவியைத் தடுக்காது, அதுக்கு ஆசிட் ஆவிக்கான ஃபில்டர் டப்பா மாட்டுற மாஸ்க் வேணும். காத்து உங்க முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி நின்னுக்கோங்க. ஆளு தனியா போகாதீங்க, ஒரு பக்கெட் தண்ணி பக்கத்துல இருக்கட்டும், பட்டுட்டா கால் மணி நேரமாவது ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே இருந்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி. நீர்க்க வைக்கணும்னா தண்ணியில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை ஊத்தக் கூடாது. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல மாத்தி வைக்கிற பழக்கத்தை தயவு செஞ்சு விட்டுடுங்க, வீட்ல புள்ளைங்க இருக்கு.

இதை விட மோசமான ஒரு வேலை இப்ப வீடியோ பாத்து நடக்குது. மாட்டு உண்ணிக்கு அடிக்கிற அமிட்ராஸ் மருந்தை அட்டையில நனைச்சு பெட்டிக்குள்ள சொருகுறாங்க. அமிட்ராஸ் தேனீப்பெட்டிக்கும் உலகத்துல இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா அது அளவா, மெதுவா வெளியேறுற மாதிரி பட்டையா செஞ்சது, ஆறுல இருந்து எட்டு வாரம் வச்சுட்டு கட்டாயம் எடுத்துடணும். மாட்டு மருந்துல கலந்திருக்கிற கரைப்பான் வேற, அளவும் தெரியாது, அட்டை பெட்டிக்குள்ளயே மறந்து கிடக்கும், உண்ணிக்குப் பழகிப் போகும். மனுஷனுக்கு உடம்புல ஏறினா நாடித் துடிப்பு குறைஞ்சு மயக்கம் வரும். ஃப்ளூவாலினேட்னு இன்னொரு மருந்துக்கு 1990கள்லயே ஐரோப்பாவுல உண்ணி எதிர்ப்பு எடுத்துடுச்சு, அது கொழுப்புல கரையுறதால மெழுகுலயே தங்கிடும், அந்த மெழுகை உருக்கி, ஈ அடை கட்டுறதுக்கு சட்டத்துல வைக்கிற மெழுகுத் தாளா மறுபடி போட்டா புதுப் பெட்டிக்கும் போயிடும். மருந்து டப்பாவுல தேனீப்பெட்டிக்குன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கடைக்காரன் என்ன சொன்னாலும் வேண்டாம்.

ஆக்ஸாலிக் ஆசிட்டை சர்க்கரைப் பாகுல கலந்து சொட்டு விடுறதும் நல்ல முறைதான், ஆனா அது ஈ மேல ஒட்டியிருக்கிற உண்ணியை மட்டும்தான் கொல்லும், மூடின அறைக்குள்ள போகாது. குளிர் நாட்டுல பனிக்காலத்துல புழுவே இருக்காது, அங்க ஒரு தடவை விட்டா போதும். நம்ம ஊர்ல ராணி வருஷம் பூரா முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், ஒரு தடவை விட்டு ஒண்ணும் ஆகாது, அடிக்கடி விட்டா ஈக்குத்தான் கேடு. ராணியை மூணரை வாரம் கூண்டுல அடைச்சு வச்சு எல்லாப் புழுவும் ஈயா வெளிய வந்த பிறகு ஆசிட்டை விட்டாத்தான் அர்த்தம் உண்டு. ஓமத்துல இருக்கிற தைமாலும் உண்ணிக்கு வேலை செய்யும், அதுக்காக ஓமத்தண்ணியைக் காய்ச்சித் தெளிச்சா இயற்கை வைத்தியம்னு நினைச்சுக்கிறாங்க, அதுல தைமால் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும், தேன்ல வாசனை மட்டும் மிச்சம்.

எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு சொல்றேன். உண்ணிக்கு ஆண் ஈ அறைதான் ரொம்ப இஷ்டம், மூடியிருக்கிற நாள் அதிகம்கறதால. இத்தாலியப் பெட்டியில ஒரு காலிச் சட்டம் வச்சா ஈக்கள் அதுல ஆண் அறையாக் கட்டும், எல்லாம் மூடினதும் பொரிக்கிறதுக்கு முன்னாடி, முட்டை போட்டதுல இருந்து 24 நாளுக்குள்ள, அந்த அடையை வெட்டி எடுத்துடணும். ஒரு முள்கரண்டியால ரெண்டு மூணு அறையைக் குத்தித் தூக்கினா வெள்ளைக் கூட்டுப்புழு மேல சிவப்பு உண்ணி ஓடுறதைக் கண்ணால பாக்கலாம். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுடலாம். மருந்தும் இல்ல, மாஸ்க்கும் இல்ல. ஒரே ஒரு விஷயம், வெட்ட மறந்தீங்கன்னா நீங்களே உண்ணிப் பண்ணை நடத்தின மாதிரி ஆயிடும், அதனால காலண்டர்ல குறிச்சு வைங்க.

மானியத்துல பெட்டி குடுக்கிறாங்க, நல்லது. கூட கையுறையும் ஃபில்டர் மாஸ்க்கும், ஒரு வலைமூடி பாட்டிலும் சேத்துக் குடுத்தா பெட்டி விலையோட பாத்தா பெரிய காசு இல்ல. அரை நாள் பயிற்சியில ராணியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு மட்டும் காட்டி அனுப்புறதை விட, வைரஸ்ல செத்த புழுவையும் உண்ணி ஏறின புழுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினா எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாதிரி ஆளுக தப்பிச்சுப்பாங்க. நீங்களும் அடுத்த தடவை இந்த மாதிரி குறிப்பு போடும்போது எந்த ஈக்குன்னு முதல் வரியிலயே போட்டு, கூட அந்த ரெண்டு புழுவோட படத்தையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.