போர் முடிந்தபின் அதிகாரம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் மூண்டால் ஆட்சித் தலைவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்றுதான் நாம் வாதிடுகிறோம். கொடுத்த அதிகாரம் எந்த நாளில், யாரால் திரும்பப் பெறப்படும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. என் கவலை அதைப் பற்றியது.

எதிரி வாசலுக்கு வந்தபிறகு ஒவ்வோர் உத்தரவுக்கும் அவையைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. 1861 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், வாஷிங்டனுக்குப் படைகள் வரவேண்டிய பாதையில் ரயில் பாலங்கள் எரிக்கப்பட்டன. காங்கிரஸ் அப்போது கூடியிருக்கவில்லை. அந்தப் பாதை நெடுகிலும், கைதானவரை நீதிமன்றத்தில் நிறுத்தும்படி கோரும் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைக்க லிங்கன் தாமே ராணுவத்துக்கு அனுமதி கொடுத்தார். அது காங்கிரஸுக்கே உரிய அதிகாரம் என்று தலைமை நீதிபதி டானி எழுதியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. ஜூலையில் காங்கிரஸ் கூடியதும் செய்ததற்கு விளக்கம் சொன்னார் என்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் 1863 மார்ச்சில் காங்கிரஸ் அதற்கென ஒரு சட்டம் இயற்றுவதற்குள், ஒரு ரயில் பாதையில் தொடங்கிய தடை நாடு முழுவதற்கும் பரவிவிட்டிருந்தது.

1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066 எண் ஆணையைப் படித்தால் அதில் ‘ஜப்பானியர்’ என்ற சொல்லே இருக்காது. ராணுவத் தளபதிகள் தாங்கள் வரையறுக்கும் பகுதிகளிலிருந்து எவரையும் விலக்கிவைக்கலாம் என்றுதான் அது சொன்னது. அந்த ‘எவரையும்’ என்ற ஒரு சொல்லின் பலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர், கையில் சுமக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் உச்ச நீதிமன்றமும் 6-3 என்ற கணக்கில் அரசின் பக்கமே நின்றது. போர் 1945இல் ஓய்ந்தது. அந்த ஆணை முடிந்துவிட்டது என்று முறைப்படி அறிவிக்கும் பிரகடனத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது 1976இல்.

இந்தியாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1962 அக்டோபர் 26 அன்று சீனப் போருக்காகப் பிரகடனமான நெருக்கடி நிலை, ஒரே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னும், 1968 ஜனவரி வரை நீடித்தது. இடையில் 1965இல் இன்னொரு போர் வந்தது உண்மைதான். ஆனால் தாஷ்கண்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டுகள் கழித்தே அது விலக்கப்பட்டது. 1971இல் போர் இரண்டு வாரம்கூட நடக்கவில்லை. டிசம்பர் 3 அன்று வந்த பிரகடனமோ 1977 மார்ச் வரை உயிரோடு இருந்தது. 1975 ஜூனில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அந்தப் பழைய பிரகடனமும் அமலில்தான் இருந்தது என்பது பலர் நினைவில் இல்லை. நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் தந்துவிட்டால் மறுபடி கேட்கத் தேவையில்லை என்றிருந்த சட்டமே இதற்கு வழிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும் என்ற கட்டாயமும், மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் ரத்து செய்வது பற்றி விவாதிக்கத் தனிக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதியும் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தில்தான் வந்தன.

காலக்கெடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். உக்ரைனில் 2022 பிப்ரவரி முதல் அமலில் உள்ள ராணுவச் சட்டம், பெரும்பாலும் 90 நாட்கள் வீதம், நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலமே நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் இருக்கும்வரை தேர்தல் நடத்த முடியாது. எனவே நீட்டிப்புக்கு வாக்களிக்கும் அவை தன் ஆயுளையும் சேர்த்தே நீட்டிக்கொள்கிறது. குண்டு விழும் ஊரில் வாக்குச்சாவடி வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த முடிச்சு இருக்கிறது என்பதையாவது மறைக்காமல் பேசலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டாலும், அச்செய்தியின் முதல் பத்தியிலேயே அது காலாவதியாகும் தேதியையும் வெளியிடுங்கள். தேதி ஏதும் குறிக்கப்படவில்லை என்றால், குறிக்கப்படவில்லை என்பதையே அந்த இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்