ப-வில் தொடங்கும் ஒரு பெயர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. உறையைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. 'ழ'வின் வாலை இன்னமும் அடுத்த வரி வரை இழுத்துச் சுழிக்கிறாய். 26 வருடம் அந்தக் கையெழுத்தில் ஒன்றையும் மாற்றவில்லை.

அம்மா போய்விட்டதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் உன் வேலைக்குப் போய்விட்டாய். வங்கி வேலையை விட்டதையும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதையும் படித்தேன். சந்தோஷம். ஆனால் என் கண் அந்த ஒற்றை வரிக்கே திரும்பத் திரும்பப் போகிறது. உனக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் கேட்டிருந்தாயே: "இப்போ நீ யாரு? புதுசா பாக்குற ஆள்கிட்ட சொல்ற மாதிரி முதல்லேர்ந்து சொல்லு." உடனே உட்கார்ந்து எழுதினேன். வயது 47, பேச்சுப் பயிற்சியாளர், திருமணமாகி 19 வருடம், ஒரு மகன். நாலு வரியில் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தால், வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் நான் நிரப்பும் படிவத்தின் முதல் பக்கம் மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

உன்னிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. யோசித்துப் பார், ஒரு தடவைகூட உன்னிடம் நான் என் பெயரைச் சொன்னதில்லை.

கல்லூரியில் முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவராக எழுந்து பெயர், படித்த பள்ளி, அப்பா என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் 14 பேர். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். என் முறை வந்தது, எழுந்தேன், ப-வுக்கு உதடு இரண்டும் சேர்ந்தன. அவ்வளவுதான், திறக்கவில்லை. உள்ளே காற்று முட்டி நிற்கிறது, கழுத்து நரம்பு இறுகுகிறது, கண் தானாக மூடுகிறது. வகுப்பு முழுக்க அமைதி. வெளியே சில நொடிதான் ஆகியிருக்கும். பக்கத்தில் இருந்த நீ என் நோட்டின் மேலட்டையைப் பார்த்து என் பெயரைச் சத்தமாகப் படித்தாய். "மேடம், இவங்க பேரு இது" என்று சொல்லிவிட்டு, என் தாவணி நுனியைப் பிடித்து உட்கார வைத்தாய். அப்படித்தான் உனக்கு நான் அறிமுகம்.

அதன் பிறகு மூன்று வருடம் எங்கே போனாலும் என் பெயரைச் சொல்வது உன் வேலையாகிவிட்டது. இன்று என்னிடம் வரும் பெற்றோர்களிடம், பிள்ளை திக்கும்போது சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவன் முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருங்கள் என்று தினமும் சொல்கிறேன். அது சரிதான். ஆனாலும் அன்று நீ சொன்னதைத் தப்பு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் எனக்கு வேறு கரை இல்லை.

இன்னொன்று செய்வாய், நினைவிருக்கிறதா? வகுப்பில் என்னை எழுந்து பாடம் படிக்கச் சொன்னால், நீ தலையைக் குனிந்துகொண்டு அதே வரிகளை முணுமுணுப்பாய். நான் தங்குதடையில்லாமல் படித்துவிடுவேன். உன் குரல் இருக்கும் தைரியம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது: திக்குபவர்கள் இன்னொரு குரலோடு சேர்ந்து படித்தால், அந்த நேரத்துக்குத் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். பாடும்போதும் அப்படித்தான். பேச்சு ஆய்வாளர்கள் பல காலமாகச் சோதித்துப் பார்த்த விஷயம். நீ எந்தப் புத்தகமும் படிக்காமலே அதைச் செய்துகொண்டிருந்தாய். அந்த அத்தியாயம் வகுப்பில் வந்த அன்று, அடுத்து என்ன நடத்தினார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். திக்குபவர்களுக்குப் பேச்சு முழுக்கத் தப்பிக்கும் வழிகள். 'பணம்' வராது என்று தெரிந்தால் 'காசு' என்போம், 'போகிறேன்' முட்டினால் 'கிளம்புகிறேன்' என்போம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று சொல்லை மாற்றியிருப்போம், கேட்பவருக்குத் தெரியாது. பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. அதனால் அங்கே எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலோருக்கு அது தானே விலகிப் போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் தங்கிவிடுகிறது. அதிலும் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு. என்னைப் போல இன்னொருத்தியை நான் 25 வயது வரை பார்க்காததில் ஆச்சரியமில்லை.

நீ போன பிறகு என் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். பெயர் கேட்டார்கள், உதடு ஒட்டிக்கொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பேரே மறந்துபோச்சா?" என்றார். மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். திக்குபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி அது. எனக்கு அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து நான் வேறு பெயர் சொல்ல ஆரம்பித்தேன். உனக்கு இதை எப்போதும் சொன்னதில்லை. ச-வில் தொடங்கும் ஒரு பெயர், எனக்குச் சுலபமாக வரும். நூலகத்தில், தையல் வகுப்பில், தொலைபேசியில் எங்கெல்லாம் சான்றிதழ் காட்ட வேண்டாமோ அங்கெல்லாம் நான் அவள்தான். தையல் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு நாள் கூட்டத்தில் என்னை அந்தப் பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நான் திரும்பவே இல்லை. அவள் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. விளக்கம் சொல்ல வேண்டுமானால் என் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். விட்டுவிட்டேன்.

எனக்கு 23 வயது. அப்பா இரவு சாப்பிட்டு எழுந்தவர், வலது கை தொங்க, வாய் ஒரு பக்கம் இழுக்க, நாற்காலியிலேயே சரிந்தார். வீட்டில் நான் மட்டும். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். "உங்க பேரு?" என்றது அந்தப் பக்கம். நான் வாயைத் திறக்க முயன்றுகொண்டே இருக்கிறேன். "ஹலோ? ஹலோ?" என்றுவிட்டு லைனை வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குக் கேட்டது வெறும் மௌனம். இரண்டாவது முறை அந்தப் பொய்ப் பெயரைச் சொன்னேன். வண்டி வந்தது.

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நான் மௌனமாக இருந்தது ஒரு நிமிடமா, ஒன்றரை நிமிடமா என்று இன்றும் சில இரவுகளில் கணக்குப் போடுகிறேன். இதை வீட்டுக்காரரிடமும் இப்போது உன்னிடமும் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மருத்துவமனையில் அப்பாவிடம் காது கேளாதவரிடம் கத்துவது போல, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார்கள். அவர் அவர்களையே பார்த்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடையது வேறு. எனக்குச் சொல் தெரியும், வழி அடைத்துக்கொள்ளும். அவருக்கு மூளையின் இடது பாதியில் பேச்சுக்கான இடம் அடிபட்டு, சொல்லே கைக்கு எட்டாமல் போயிருந்தது. அஃபேசியா என்பார்கள். அறிவு அப்படியே இருந்தது. செய்தித்தாளில் தப்பான விடையோடு ஒரு கணக்கு வந்தால் விரலால் தட்டிக் காட்டுவார்.

கணக்கு ஆசிரியராக 31 வருடம் இருந்த மனிதர். இது எத்தனை என்று ஏழு பென்சிலைக் காட்டினால் சொல்ல வராது. ஆனால் 'ஒன்று' என்று நான் ஆரம்பித்து வைத்தால் அவரே எண்ணிக்கொண்டு போவார், ஏழில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். வரிசையாக மனப்பாடமானவை தனியாக எங்கோ பத்திரமாக இருக்கும். எண்ணிக்கை, கிழமைகள், பழைய பாட்டு எல்லாம் இந்த வகைதான். ஏழு வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து நடந்துதான் அங்கே போக வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் என்னைக் கூப்பிடப் பார்த்தார். முதலில் அண்ணன் பெயர் வந்தது. தலையை ஆட்டினார், அது இல்லை. அடுத்து அக்கா பெயர். மறுபடி தலையாட்டல். மூச்சு வாங்கிக்கொண்டு என் பெயர். முழுசாக, சுத்தமாக. பிள்ளைகளை வயசு வரிசையில் வாய் பழகியிருந்தது, மூன்றாவதாக என்னிடம் வந்து சேர்ந்தார். சாகும் வரை ஒன்பது வருடமும் அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணன் பெயர் கேட்கும்போதே நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால் என் பெயரை அவர் முடிக்கும் வரை வாசலில் நிற்பேன், உள்ளே போகமாட்டேன்.

அந்தப் பெயரை இன்னொரு பெயரால் மூடி வைப்பது அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. பேச்சுப் பயிற்சி படிக்கச் சேர்ந்தேன். திக்குகிற பெண் எப்படிப் பேச்சுச் சொல்லித் தருவாள் என்று கேட்டவர்கள் உண்டு. இந்தத் துறையில் பெரிய பெயரான சார்ல்ஸ் வான் ரைப்பரே கடுமையாகத் திக்கியவர்தான், 1936-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பேச்சுச் சிகிச்சை மையம் தொடங்கினார். திக்காமல் பேசப் போராடுவதைவிட, பயமில்லாமல் இலகுவாகத் திக்கக் கற்றுக்கொள் என்பது அவர் வழி. வேண்டுமென்றே திக்கச் சொல்வார். கேட்க விசித்திரமாக இருக்கும். நானே செய்தேன், ஒரே வாரத்தில் 40 அந்நியர்களிடம் என் பெயரை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னேன். முதல் ஐந்து பேரிடம் கால் நடுங்கியது. முப்பதாவது ஆளிடம் நடுங்கவில்லை.

இன்றும் திக்குகிறேன். ப வந்தால் உதடு ஒட்டுகிறது. வித்தியாசம் என்னவென்றால், ஒட்டியதும் நான் தள்ளுவதில்லை. கொஞ்சம் தளர்த்தி, காற்றை மெல்ல விட்டு, அங்கிருந்து நழுவி வருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் பெயர் கேட்பதில்லை. என் பெயரை நான் திக்கிச் சொல்வேன், பிறகு எதையாவது வரைவோம். போன மாதம் பதினாறு வயதுப் பையன் ஒருவன், நாலாவது வாரம் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அவனாகவே தன் பெயரைச் சொன்னான். கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆனது. அவன் அம்மா வெளியே நின்று அழுதார்கள்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார், ஆனால் அவசரப்படுத்தவும் மாட்டார். எனக்கு அது போதும்.

மகன் எங்களிடம் வந்தபோது எட்டு மாதம். தத்துப் பிள்ளை. அவனுக்கும் தெரியும், மறைத்ததில்லை. வருவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து ஆசையாக ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தோம். அவனை அழைத்து வரப் போனோம். பார்த்துக்கொள்பவர் அவனை ஏற்கெனவே இருந்த பெயரில் கூப்பிட்டார், அவன் டக்கென்று தலையைத் திருப்பினான். நாலரை மாதக் குழந்தையே தன் பெயரின் ஓசையை மற்ற பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கும் என்று 1995-இல் வந்த ஆய்வைப் படித்துப் பாடம் எடுத்தவள் நான். அந்தத் திரும்பலைப் பார்த்த பிறகு நாங்கள் யோசித்து வைத்த பெயரை வாயில் எடுக்கவே இல்லை. அவனிடம் இருந்த ஒரே சொத்து அது. இப்போது பதினைந்து வயது. சமீபத்தில் பள்ளியில் 'நான் யார்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். தத்துப் பிள்ளை என்று எழுதலாமா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன். இரண்டாவது பக்கத்தில் எழுதியிருந்தான், முதல் பக்கம் முழுக்கக் கால்பந்து.

இவ்வளவுதான் நான். நீ கேட்க நினைத்துத் தயங்கியது, "இன்னும் அப்படித்தான் பேசுகிறாயா" என்பதாக இருந்தால், ஆமாம், அப்படித்தான்.

கடிதத்தின் அடியில் உன் போன் நம்பர் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். அம்மாவைப் பற்றி நீ பேச வேண்டும், எத்தனை நேரமானாலும். எடுத்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் வைத்துவிடாதே, நான்தான். நம்பரைப் பார்த்து நீயாக என் பெயரைச் சொல்லிவிடவும் வேண்டாம். இந்த முறை நான் சொல்கிறேன்.

என்றும் உன்,
ப.