ஏழாம் மாதச் சாம்பல் மூட்டைகளை அள்ளக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: துப்புரவுப் பிரிவு அதிகாரி அவர்கள், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிங் வீதியை ஒட்டிய சந்தில் 40 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மலாயில் இரண்டு மனு கொடுத்தேன், பதில் இல்லை. இப்போது பொறுப்புக்கு வந்திருப்பவர் தமிழர் என்றார்கள். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

1. சீனர்கள் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களின் ஆவிகளுக்கு நடத்தும் பூசை மீது எனக்குப் புகார் இல்லை. ஆவிகளுக்காக முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டு நடக்கும் கூத்தைச் சிறுவயதில் பின்னால் நின்று பார்த்தவன் நான். தைப்பூசத்தில் அவர்களும் நம் ரதத்துக்குத் தேங்காய் உடைக்கிறார்கள். அந்த ஓடுகளை மட்டும் மளமளவென்று அள்ளிவிடுகிறீர்கள்.

2. இறந்தவர்களுக்குக் காசாகப் போய்ச் சேரும் என்று பொன்தாள், வெள்ளித்தாள், கூடவே காகித உடுப்பு எல்லாம் எரித்த பிறகு, அவர்களே சாம்பலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அரிசிச் சாக்கில் கட்டிச் சந்து முனையில் வைத்தார்கள். 19 மூட்டை. 11 நாளாகிறது. லோரி வரவில்லை.

3. மழை வந்தது. தாள் சாம்பல்தானே என்று நினைக்காதீர்கள் ஐயா. நனைந்தால் உளுந்து மாவு மாதிரி குழைந்து அப்படியே உட்கார்ந்துவிடும். பாதி எரிந்த பொன்தாள் சாக்கடைக் கம்பியில் ஒட்டி அடைக்கும். கடல் ஏறும் நேரமானால் கேட்கவே வேண்டாம், தண்ணீர் திரும்பி அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடைபாதையில் ஏறி, படி தாண்டி வீட்டுக்குள் வரும். வாசல் பக்கத்து அறையில்தான் அம்மா படுப்பார். வயது 81. போன வெள்ளி விடியற்காலை விளக்கேற்ற எழுந்தவர், கறுப்புச் சேற்றில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. தூக்கி உட்கார வைத்தேன். முழங்கையில் ஒரு துண்டுப் பொன்தாள் ஒட்டியிருந்தது. "யார் தாத்தாவுக்கு அனுப்பின காசோ, வழி தவறி எனக்கு வந்திருக்கு" என்றார். அவருக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வரவில்லை. நான்கு முறை தரையைக் கழுவிவிட்டேன், கறை இன்னும் போகவில்லை. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் அவரை எழுப்பி மாடிக்கு ஏற்றுகிறேன், ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.

4. தொலைபேசியில் கேட்டால் குத்தகைக்காரரைக் கேள் என்கிறார்கள். அவரோ, இது வீட்டுக் குப்பை இல்லை என்கிறார். சரி, வேறு என்ன குப்பை? கோயில் குப்பையா, ஆவிக் குப்பையா? நீங்களாவது சொல்லுங்கள். ஒவ்வொரு தெருவும் தனக்கென்று ஒரு நாள் வைத்து மாதம் முழுக்க நடத்தும் பூசை இது, வருடா வருடம் வருவது. எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்று சந்தில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். லோரிக்கு மட்டும் தெரியாதா? 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஊர் இது. பயணிகள் எங்கள் மூட்டைகளையும் நின்று படமெடுத்துப் போகிறார்கள்!

5. லோரி அனுப்புங்கள் ஐயா.

6. கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லோரியும், அந்தச் சாக்கடைக் கம்பியைத் திறக்க ஓர் ஆளும் போதும். அவர்களுடைய ஒன்பதாம் மாதம் குவான் யின் அம்மன் பூசை வருவதற்குள்ளாவது அனுப்புங்கள். இன்று காலை எண்ணினேன், 17 மூட்டைதான் இருக்கிறது. மற்ற இரண்டும் கரைந்து சாக்கடைக்குள் போய்விட்டன.

இப்படிக்கு,
கிங் வீதிச் சந்துக் குடியிருப்பாளர்