முதலில் வேலி, பிறகு விதை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். மஞ்சள் வெட்டி, வேக வைத்து, களத்தில் காயப் போட்டாகிவிட்டது. அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தோம். வராததற்கு நீயும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பிறகு உன்னிடமிருந்து வந்தது முந்தாநாள் செய்தி ஒன்றுதான். 500 ரூபாய்க்குள் வீட்டின் பின்புறம் ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்றும், பக்கத்து வீட்டு வெள்ளாடுகள், உன்னுடைய கோழிகள், விடியற்காலையில் இறங்கும் மயில்கள், போதாததற்கு நாய் என்று இத்தனையும் சுற்றித் திரியும் இடத்தில் அதை எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். செல்பேசியில் சொன்னால் பாதி காதில் விழாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

உன் செய்தியைப் படித்தவுடன் உன் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கும் பெருமைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு அப்பத்தாவோடு உட்கார்ந்து பஞ்சாரம் முடைந்தவள் நீ. மண்ணை மறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 500 ரூபாய்க் கணக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அம்மிணி. நகரத்து வீட்டில் இருந்தபோது மாடியில் வைத்த பூந்தொட்டிகளுக்கே அதைப்போல் பல மடங்கு செலவழித்தாய். வீண் செலவு என்று அப்போது நான் கடிந்துகொண்டேன். இப்போது நீ சிக்கனம் பேசுகிறாய், அதை மெச்ச எனக்கு வாய் வரவில்லை. அது இருக்கட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நீ நினைத்த நேரம் சரியான நேரம். மாசிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, கத்தரி, கீரை, கொடிக்காய்கள் எல்லாம் போடலாம். இப்போது விதைத்தால் சித்திரை பிறக்கும்போது வெண்டைக்காய் கைக்கு வந்துவிடும். பட்டம் தவறிவிடுமோ என்ற அவசரத்தில் விதையை முதலில் வாங்கிவிடாதே. எல்லோரும் விதைக்கடைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். ஆடு மேயும் ஊரில் வேலி முதலில், விதை பிறகு. விதை முளைத்த பின் வேலி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த தோட்டம் எதுவும் ஆட்டுக்குத் தப்பியதில்லை. நம் வடகாட்டில் அந்தக் கொம்பு மழுங்கிய வெள்ளாடு செய்த வேலையை நீ மறந்திருக்கமாட்டாய்.

கம்பி வேலிக்கு உன் 500 ரூபாய் போதாது, தேவையும் இல்லை. பின்புறம் முழுவதையும் அடைக்க நினைக்காமல், 10 அடிக்கு 10 அடி இடத்தை மட்டும் அடைத்துக்கொள். அது கால் சென்ட்கூட வராது என்றாலும், முதல் பட்டத்தில் நீ ஒருத்தி தண்ணீர் ஊற்றிக் களையெடுக்க அதுவே கனமான வேலை. வேப்பங்கம்போ மூங்கிலோ நான்கு மூலைக்கும் நடுநடுவிலும் ஊன்றி, குறுக்கே இரண்டு வரிசை கம்பு கட்டி, அதில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வந்து அடிப்பக்கம் உள்ளேயும் முள் நுனி வெளியேயும் பார்க்க நெருக்கமாக வைத்துக் கட்ட வேண்டும். அந்த முள் உங்கள் பக்கம் பள்ளத்து ஓரமெல்லாம் கிடக்கும், யாரும் காசு கேட்கமாட்டார்கள். காலில் செருப்பில்லாமல் அந்த வேலைக்குப் போகாதே. அந்த முள் குத்தினால் சீழ் பிடிக்கும், குழந்தையையும் பக்கத்தில் விடாதே. செலவு என்பது கட்டும் கயிற்றுக்குத்தான்.

வெள்ளாடு வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட, அதன்மேல் ஏறி நிற்பதுதான் அதிகம். முன்னங்கால் இரண்டையும் குறுக்குக் கம்பின்மேல் வைத்துக் கழுத்தை நீட்டி எட்டிய வரை கடிக்கும்; கடிக்கும்போது அதன் கனம் முழுவதும் அந்தக் கம்பின்மேல் இறங்கும், கட்டு நெகிழும், மறுநாள் அதே இடத்தில் உடம்பை நுழைக்கும். ஆகவே குறுக்குக் கம்பு உட்பக்கமும் முள் வெளிப்பக்கமுமாக இருக்க வேண்டும். கால் வைக்க இடமே கிடைக்கக்கூடாது. செடியை வேலியிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி நடு. வேலிக்கு வாசலாக வைக்கும் படலை எப்போதும் கட்டி வை. வேலியில் ஆடு நுழைவதைவிட, கட்டாமல் விட்ட படலில் நுழைவதே அதிகம்.

முள்வேலி ஓர் ஆண்டு நிற்கும், பிறகு செல்லரித்துவிடும். அதற்குள் உயிர்வேலி எழுந்துவிட வேண்டும். நம் வீட்டு வேலியிலிருந்து கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கான கம்பு, வெட்டி நிழலில் போட்டு வைத்திருக்கிறேன். முள்வேலியை ஒட்டி ஒரு முழத்துக்கு ஒன்றாக நட்டால் கோடை மழையில் துளிர்த்துவிடும். காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்பது இந்தக் கிளுவைதான். இடையிடையே ஆடாதொடையும் நொச்சியும் குச்சி ஒடித்து நட்டுக்கொள். அவற்றை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், வாய் வைக்காது. குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

மயிலுக்கு இந்த வேலி ஒரு பொருட்டே இல்லை. அது மேலிருந்து இறங்கி, முளைத்த நாற்றைக் கொத்தி எடுத்துவிடும். கோபத்தில் அதைக் கல்லால்கூட அடித்துவிடாதே. அது 1963 முதல் நம் நாட்டின் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு ஊறு செய்வது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, முருகனின் வாகனத்தை அடித்துவிட்டு உன் அம்மா முன்னால் நிற்க முடியாது. பாத்திக்கு மேலே ஓரடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிவிட்டால், அவ்வளவு பெரிய பறவைக்குச் சிறகை விரித்து இறங்க இடம் கிடைக்காது. பழைய புடவைகளை வேலியைச் சுற்றிக் கட்டினால் முதல் சில வாரங்கள் மிரண்டு ஒதுங்கும். நாற்றங்கால் பாத்திக்குக் கிழிந்த கொசுவலை போதும். தக்காளியை இந்தப் பட்டத்தில் தொடாதே. மயில் தின்றது போக மிஞ்சியதும் பங்குனி வெயிலில் பூ உதிர்ந்துவிடும்.

கோழியைப் பகையாக நினைக்காதே. விதைப்பதற்கு முன் மண்ணைக் கொத்திப் புரட்டி, கோழிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்து. கரையானையும் கூட்டுப்புழுவையும் பொறுக்கி எடுத்துவிடும். விதைத்த பின் செடி முழங்கால் உயரம் வரும் வரை அவை பஞ்சாரத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது வேலிக்கு வெளியே. நாய் தோண்டுவது வெயிலின் கொடுமையால். ஈர மண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய்ப் படுக்கும். மரத்தடியில் அதற்கென்று ஒரு குழி தோண்டி மணல் போட்டு நனைத்து வை, பாத்தியை விட்டுவிடும்.

இதைக் கவனமாகப் படி. உரக்கடையில் ஆமணக்குப் புண்ணாக்கு வாங்காதே. மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் நாய் அதை மோப்பம் பிடித்துத் தின்றால் பிழைப்பது அரிது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதே கதிதான். எலி மருந்தும் வைக்காதே, மருந்து தின்ற எலியைக் கோழியோ நாயோ இழுத்துக்கொண்டு போகும், பொறி வை. வேப்பம்புண்ணாக்கு கசப்பு, எந்தப் பிராணியும் சீண்டாது, அதுவே போதும். ஆமணக்குப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

நீ குடிபோயிருப்பது தடாகம் பக்கம் என்று உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யானை இறங்கும் இடம் அது. குளியலறைத் தண்ணீர் வீணாகிறதே என்று ஆசைப்பட்டு வாழை வைத்துவிடாதே; கதலி வாசனைக்கு அது மலையிலிருந்து இறங்கி வரும், அதற்கு முன்னால் நம் முள்வேலி எம்மாத்திரம்? பலா மரம் இருந்தால் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே பறித்துவிடு. அரிசி மூட்டையைத் திண்ணையில் வைக்காதே. இரவில் நாய் விடாமல் குரைத்தால், என்னவென்று பார்க்க நீ வெளியே போகாதே. மாப்பிள்ளை இரவு வேலைக்குப் போகிறாரா, வீட்டில்தான் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை, நீயும் சொல்லவில்லை.

எருவுக்குக் காசு செலவழிக்காதே. செடியைத் தின்ன வரும் அந்த வெள்ளாடுகளின் புழுக்கைதான் உனக்கு நல்ல எரு. "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று அப்பத்தா சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்பாய்! பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆட்டைக் கட்டிப் போடும்படி சண்டைக்கு நிற்காமல், பட்டியைக் கூட்டித் தருகிறேன், புழுக்கையைத் தாருங்கள் என்று கேள். கோழி எச்சத்தைப் பச்சையாகப் போடாதே, சூட்டில் வேர் கருகிவிடும். குப்பையோடு சேர்த்து மக்க வைத்துப் போடு. பச்சைச் சாணமும் வேண்டாம், கரையான் ஏறும்.

விதை நான் தருகிறேன். வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, சுரை எல்லாம் நம் வீட்டு விதை, அம்மா சாம்பல் கலந்து முடிந்து வைத்தது. வெண்டை விதையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்று. கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணலைக் கலந்து, காற்றில்லாத மாலையில், கையைத் தாழ்த்தித் தூவு. தூவிய பின் விரல் நுனியால் மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, தென்னங்கீற்றைப் பரப்பி அதன்மேல் பூவாளியால் தண்ணீர் தெளி. முளை தெரிந்ததும் கீற்றை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் திரும்பத் திரும்பத் தழையும், வாரம் ஒரு நாள் கடைசலுக்கு ஆகும். கத்தரி விதை மட்டும் என்னிடம் இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மானிய விலையில் விதைத் தளை, அதாவது காய்கறி விதைப் பொட்டலங்கள், தருகிறார்களா என்றும் கேட்டுப் பார்.

செய்தியின் கடைசி வரியில், மிஞ்சினால் உழவர் சந்தையில் விற்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை நான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். அதை நிலத்தைப் பார்த்துச் சாகுபடி செய்யும் விவசாயிக்குத்தான் தருவார்கள். கால் சென்ட்கூட இல்லாத பாத்தியில் விளைவது உங்கள் மூவருக்கும் கீரையும் காயும். நன்றாகக் காய்த்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கை கொடுக்கலாம். அதற்கு மேல் அந்த மண்ணிடம் எதிர்பார்க்காதே. தோட்டம் காய்கறிச் செலவைக் குறைக்கும், அம்மிணி, வாடகையைக் கட்டாது. ஏர் பிடித்த வீட்டில் பிறந்த உனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் கேட்டிருக்கிறாய் என்பதால்தான் எனக்கு இரண்டு நாளாக உறக்கம் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் உழைப்புக்கு அஞ்சாதவர் என்பதை உன் கல்யாணத்துக்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டவன் நான். ஒரு கம்பெனிக் கதவு மூடினால் உழைக்கிறவன் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் விடாத ஆண்டுகளில் நாங்களும் சும்மா உட்கார்ந்திருந்தோம், அப்போது உன் மாமன்மார் நெல் கொண்டு வந்து இறக்கினார்கள், வாங்கிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். கடப்பாரை, அரிவாள், கிளுவைப் போத்து, விதை, ஒரு மூட்டை அரிசி எல்லாம் கொண்டு வருவேன். துடியலூரில் இறங்கிக்கொள்கிறேன், மாப்பிள்ளையை அங்கே வரச் சொல். வேலியை அவரும் நானும் சேர்ந்து கட்டுகிறோம், ஒருவர் முள்ளைப் பிடித்தால்தான் மற்றவர் கட்ட முடியும், இரண்டு நாள் வேலை இருக்கிறது. அதற்குள் இடத்தை மட்டும் அளந்து கொத்தி வை. விதை எதுவும் வாங்காதே. வர வேண்டாம் என்று மட்டும் செய்தி அனுப்பாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா